ஊறாத பிண்ணாக்கு

வெற்றிலைக் கொடிக்காலை நிரந்தரமாகக் கைவிட்டால் அரசாங்கம் பணம் தரும் என்ற அறிவிப்பு எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மூத்த மகளுக்கு ஐந்து மாதம். நில அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் தமிழ்க் கிராணி ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கி, என் பெயரைச் சொல்லி விசாரித்தார். என் கணவர் பெயரை அல்ல. அக்கம்பக்கத்தில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய்விட, வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. யாராவது தாளோடு வந்து ஒரு பெயரைக் கேட்டால், அது தன் பெயராக இல்லாதவரை நல்லது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலம்.

கொடிக்காலின் உரிமப் பத்திரம் என் பெயரில் இருந்தது. அதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நான் சுங்கைப் பட்டாணியில் பிறந்தவள். அப்பாவுக்கு அங்கே ஒரு சின்ன மளிகைக்கடை. என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படிக்கவைத்தார். என் கணவர் நாலு வயதில் கப்பலில் வந்தவர். எங்கே பிறந்தார், எப்போது பிறந்தார் என்பதற்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நிலத்துக்கு விண்ணப்பம் போட்டபோது, இங்கே பிறந்தவர் பெயரில் போட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். கல்யாணமான மூன்றாம் மாதம் நான் கையெழுத்துப் போட்டேன். பத்திரம் என்னுடையது, கொடிக்கால் அவருடையது. அந்த வித்தியாசம் அதுவரை யாருக்கும் உறைத்ததில்லை.

கரங்கான் ஊருக்குப் போகும் தார்ச் சடக்கில், ரப்பர்த் தோட்டத்து எல்லை முடிகிற இடத்தில், ஓடையை ஒட்டி முக்கால் ஏக்கர். நாங்கள் குடியிருந்ததோ கம்பி வேலிக்கு உள்ளே. அவசரகாலம் வந்த பிறகு, சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களையும் வீடுகளையும் பிரித்து ஒரே இடத்தில் கட்டிச் சுற்றிலும் முள்கம்பி போட்டுவிட்டார்கள். வீடு உள்ளே வந்தது. கொடிக்கால் வெளியே நின்றது.

அறிவிப்பு மூன்று மொழியில் இருந்தது. நான் இங்கிலீஷில் இருந்ததைப் படித்துவிட்டு, பிறகு தமிழில் இருந்ததையும் படித்தேன், இரண்டும் ஒன்றுதானா என்று. வேலிக்கு வெளியே காட்டோரமாக இருக்கும் கொடிக்கால்கள் கம்யூனிஸ்டுகள் ஒளிந்துகொள்ள வசதியாக இருக்கின்றன. உரிமக்காரர் கொடியையும் கம்பையும் வேரோடு அகற்றி, உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து, இனி எக்காலமும் பயிர் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஒரு தொகை தரப்படும். மூன்று வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு வரி: இது கட்டாயம் அல்ல.

அந்த ஒரு வரிதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. கட்டாயம் என்று போட்டிருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. கட்டாயம் அல்ல என்றால், வேண்டாம் என்று சொல்கிறவன் ஏன் சொல்கிறான் என்று யாராவது ஒருவர் ஒரு நோட்டில் எழுதிவைப்பார்.

என் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் வாழைநாரைக் கிழித்துக்கொண்டிருந்தார், கொடி கட்டுவதற்கு. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ரப்பர வெட்டினா மறுபடி ரப்பர் வைக்கக் காசு தர்றான். வெத்தலைய வெட்டினா மறுபடி வைக்காம இருக்கக் காசு தர்றானா?"

அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், எங்களோடுதான் இருந்தார். கணவரை இழந்தவர். கொடிக்காலில் இலை கிள்ளி, அடுக்கி, கவுளி கட்டுவது அவர் வேலை. நூறு இலையைப் பார்க்காமலே விரலால் தள்ளி எண்ணிவிடுவார். அவர் சொன்னார்: "சும்மா இருக்கறதுக்குச் சம்பளம்னா மொதல்ல இந்த டீச்சரம்மாவுக்குத்தான்லா குடுக்கணும்."

நான் டீச்சர் இல்லை. படித்தவள் என்பதற்காக அவர் வைத்த பெயர் அது. அன்று அதற்குச் சிரிக்க எனக்கு வரவில்லை. விட்டுவிடலாம் என்று எனக்குள் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. அதை என் கணவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்களேன் என்று மட்டும் சொன்னேன். அவர் நாரைக் கீழே வைத்துவிட்டு, யோசிக்க என்ன இருக்கிறது, வெட்டிவிட்டால் நான் யார் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது.

என் பயம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். தினமும் காலை ஆறு மணிக்கு வேலிக் கதவு திறக்கும். வெளியே போகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஆண்களை ஒரு பக்கம், பெண்களை ஒரு பக்கம் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு, ஒரு பிஸ்கட், குழந்தைக்கான பால்மாவு, எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று. காலைப் பசியாறலை வீட்டிலேயே முடித்துக்கொண்டு, திரும்பி வரும்வரை தண்ணீரோடு வேலை செய்ய வேண்டும். இங்கே பிறந்தவர்கள் மாட்டிக்கொண்டால் சிறை. பிறக்காதவர்கள் மாட்டிக்கொண்டால் கப்பல். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி ஒருவர் அப்படிப் போனார். அவர் மனைவி இரண்டு பிள்ளைகளோடு இங்கே நின்றுவிட்டாள். அவர் நாகப்பட்டினத்திலிருந்து போட்ட கடிதத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். படித்துக்கொண்டிருக்கும்போதே என் கணவர் பெயரை அந்தக் கடிதத்தின் அடியில் வைத்துப் பார்த்துவிட்டேன். அதன் பிறகு அவர் ஒவ்வொரு காலையும் வரிசையில் நிற்கும்போது, நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் கதவைத் தாண்டிச் சடக்கில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

இனி பிண்ணாக்குக்கு வருகிறேன்.

மழைக்கு முன்னால் கொடிக்குக் கடலைப் பிண்ணாக்கு வைக்க வேண்டும். அதை உடைத்து மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் ஊறப்போட வேண்டும். ஓடை ஓரத்தில் ஊறவைத்தால் காட்டுப்பன்றி வந்து கவிழ்த்துவிடும். அதனால் வீட்டுக்குப் பின்னால்தான் ஊறும். இரண்டாம் நாளே நாற்றம் எழும். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்திக்கொள்வார்கள். அந்தத் தகரத்தை என் கணவர் காவடித் தடியில் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போனால், வரிசை தானாகவே விலகும். கதவில் நிற்கும் காவலர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "ஜாலான், ஜாலான்" என்று கையை வீசிப் போகச் சொல்லிவிடுவார்கள். ஒருவரும் அதை உணவு என்று நினைத்ததில்லை.

காய்ந்த பிண்ணாக்கு வேறு. அதற்கு நல்ல வாசனை. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்தில் அதைச் சாப்பிட்டுத்தான் பலர் உயிரோடு இருந்தார்கள். காய்ந்ததை வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் கொடிக்கால்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஊறி நாறினால் உரம், காய்ந்திருந்தால் சாப்பாடு. அதை நேரத்துக்கு ஊறப்போடுவது என் வேலை. வீட்டில் எனக்கென்று கொடுத்திருந்த ஒரே கொடிக்கால் வேலையும் அதுதான்.

அந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை மதியம் பிண்ணாக்கை உடைத்துத் தகரத்தில் போட்டேன். தண்ணீர் ஊற்றுவதற்குள் பிள்ளை அழுதது. தூக்கினேன், உடம்பு கொதித்தது. துணி நனைத்து ஒத்தியெடுத்தேன். மருந்துக்காரம்மாவிடம் ஓடினேன். அதன் பிறகு தகரத்தின் நினைப்பே எனக்கு வரவில்லை. செவ்வாய் போயிற்று. புதன்கிழமை காய்ச்சல் இறங்கியபோது மனசு லேசாக இருந்தது. ஆனாலும் இரண்டு நாளாக வீட்டுக்குப் பின்னால் எந்த நாற்றமும் இல்லை என்பதை நான் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை அவர் தகரத்தை எடுக்கப் போனார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பரவாயில்ல புள்ள. ஓடையில தண்ணி ஊத்திட்டு, பன்னி வராம மேல கட்டித் தொங்கவிட்டுக்கறேன்."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னால், ஏன் ஊறப்போடவில்லை என்ற பேச்சு வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அன்று மழை மேகம் இருந்தது. வழக்கமான காவலர்கள்தானே என்றும் நினைத்தேன். அவசரத்தில் நாம் எத்தனை காரணம் கண்டுபிடிக்கிறோம்.

கதவில் அன்று இரண்டு பேர் புதியவர்கள். பிள்ளை மறுபடி சிணுங்கியதால் நான் அன்று நின்று பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டேன். அரை மணி நேரத்தில் அண்ணி வெறுங்கூடையோடு திரும்பி வந்தார். படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, நடந்ததைச் சொன்னார். புதிய காவலன் தகரத்தில் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தானாம். முகர்ந்து பார்த்தானாம். பிறகு ஓரத்தைக் கடித்து மென்றானாம். மென்று விழுங்கிவிட்டு, "இனி போலே மாக்கான்," இதைச் சாப்பிடலாமே, என்று மற்றவனிடம் சொன்னானாம்.

"தம்பிய லாரியில ஏத்திட்டாங்க. பிண்ணாக்கையும் கூடவே ஏத்திட்டாங்க," என்றார் அண்ணி. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன் ஊறல?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி விடு என்பதுபோலக் கையை அசைத்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பால் குடிக்கிற பிள்ளை, விட்டுவிட்டுப் போக முடியாது. பத்திரத்தையும், என் பிறப்புச் சான்றையும், அந்த அறிவிப்பையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு எது உதவும் என்று தெரியவில்லை; இருந்த தாள்களையெல்லாம் எடுத்துக்கொண்டேன்.

பட்டணத்துப் போலீஸ் நிலையத்தில் ஒரு சார்ஜண்ட் இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். என் கணவரைப் பார்க்க முடியாது என்றார். நான் எனக்குத் தெரிந்த மலாயில் அது கொடிக்கு வைக்கும் உரம் என்று விளக்கினேன். அவர் மேசைமேல் அந்தத் துண்டு இருந்தது, ஒரு மூலை கடிபட்டு. என் கான்ஸ்டபிள் சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறான் என்றார். பிறகு, உன் கணவன் இங்கே பிறந்தவனா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். பொய் சொல்லியிருக்கலாமோ என்று நினைக்கும்போதே, பொய் சொன்னால் என் கணவரின் அடையாள அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள் என்றும் நினைத்தேன். சார்ஜண்ட் பேனாவை மூடிவிட்டு, மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும், முடிவு அங்கேதான் என்றார். என் காதில் கப்பலின் சங்கு ஊதியது.

நில அலுவலகம் அதே சடக்கில் கொஞ்சம் மேலே. அங்கே போக வேண்டும் என்று நான் தீர்மானித்தேனா, கால் தானாக நடந்ததா, சொல்லத் தெரியவில்லை. அந்தக் கிராணி இருந்தார். என்னை அடையாளம் கண்டு நாற்காலி போட்டார். நடந்ததைச் சொன்னேன். பிள்ளை அழுததால் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டே சொன்னேன். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் ஒன்னு சொல்றேம்மா. சொன்னேன்னு வச்சுக்காதீங்க. கொடிக்கால விட்டாச்சுன்னு ஆயிட்டா, ஒங்க வீட்டுக்காரருக்கு வேலிக்கு வெளிய வேலையே இல்ல. பிண்ணாக்குக்கும் வேலை இல்ல. உரிமம் திரும்பி வந்துடுச்சுன்னு நான் ஒரு கடிதம் போட்டுத் தரலாம். சார்ஜண்ட்கிட்டக் காட்டுங்க."

"காட்டினா விட்டுடுவாங்களா சார்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு சொன்னா பொய்."

அவர் உரிமத்தைத் திருப்பும் படிவத்தை, அந்தப் பாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் படித்தேன். இனி எக்காலமும் என்ற சொற்களுக்கு வந்ததும் திரும்பத் திரும்ப அதையே படித்தேன். என் கணவரிடம் கேட்காமல் எப்படி என்று ஒரு மனம் சொன்னது. கேட்க வேண்டுமென்றால் அவர் வெளியே வர வேண்டும் என்று இன்னொரு மனம் சொன்னது. ஒருநாள் காத்திருக்கலாமா? அந்த ஒருநாளில் தாள் மேலதிகாரிக்குப் போய்விட்டால்? வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இருந்த உரிமை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அந்த வீட்டில் கையெழுத்து என்னுடையது. அவ்வளவு வருடமும் ஒன்றுமில்லாமல் இருந்த அந்த வித்தியாசம் அன்று மேசைமேல் பேனாவாகக் கிடந்தது. பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

கடிதத்தைச் சார்ஜண்டிடம் கொடுத்தபோது அவர் வேறு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வாங்கி, பிரிக்காமல், ஒரு கனமான கல்லின் கீழே வைத்தார். நாளைக்கு வா என்று சைகை செய்தார். வேலிக் கதவு சாத்துவதற்குள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். பஸ்ஸில் வழி நெடுக, அவர் அதைப் பிரிப்பாரா மாட்டாரா என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் நான் கிளம்பத் தேவையில்லாமல் போயிற்று. மதியத்துக்கு முன்னாலேயே என் கணவர் சடக்கில் நடந்து வருவதை அண்ணிதான் முதலில் பார்த்தார். தகரம் அவர் கையில் இருந்தது, காலியாக. வந்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அண்ணி அவருக்குச் சோறு போட்டார்.

எப்படி விட்டார்கள் என்று அவரே சொன்னார். தோட்டத்துப் பெரிய கிராணி வேறு வேலையாக நிலையத்துக்கு வந்தாராம். இவரைப் பார்த்துவிட்டு, இது கொடிக்கால் உரம்தான், எனக்குத் தெரியும் என்று சார்ஜண்டிடம் சொன்னாராம். அது வியாழக்கிழமை சாயங்காலமே நடந்தது. விட ஏன் மறுநாள் ஆயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. கல்லின் கீழே இருந்த கடிதத்தைப் பிரித்தார்களா என்று நான் கேட்டேன். எந்தக் கடிதம் என்றார்.

சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அண்ணி கையிலிருந்த தட்டை வைக்காமல் நின்றார். என் கணவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, துண்டில் துடைத்து, பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"எப்ப வெட்டணுமாம்?" என்று மட்டும் கேட்டார்.

நான் கையெழுத்துப் போட்டதால்தான் அவர் வந்தாரா, போடாமலே வந்திருப்பாரா? அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க ஆளும் இல்லை. சார்ஜண்ட் சில மாதத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார் என்று சில நாள் நம்புகிறேன். சில நாள் நம்ப முடிவதில்லை.

வெட்டுகிற நாளில் உரிமக்காரர் நேரில் நின்று எல்லை காட்ட வேண்டும் என்று விதி. ஆக நான் போக வேண்டும். கொடிக்காலுக்குள் நான் அதற்கு முன் இரண்டு தடவைதான் போயிருக்கிறேன். எங்கள் ஆட்கள் கொடிக்காலைக் கோயில்போல வைத்திருப்பார்கள். செருப்போடு யாரும் நுழையக் கூடாது. பிள்ளை பெற்றவள் ஒரு வருடம் நுழையக் கூடாது. நுழைந்தால் கொடி கருகிவிடும் என்பார்கள். நான் ஓரத்தில் தயங்கி நின்றேன். அண்ணி பின்னாலிருந்து, "போ, இனிமே கருகறதுக்கு என்ன இருக்கு," என்றார்.

அதிகாரியும் காவலர் இருவரும் பூட்ஸோடு உள்ளே போனார்கள். என் கணவர் அவர்கள் கால்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் செருப்பை எப்போதும் விடுகிற இடத்தில், எப்போதும்போல இரண்டையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு, வெட்டுக்கத்தியோடு உள்ளே போனார். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்று அதிகாரி சொன்னார். வேண்டாம் என்றுவிட்டார். ஒவ்வொரு கொடியாகக் கீழே அறுத்து, கம்பிலிருந்து கட்டை அவிழ்த்து, சுருட்டிப் போட்டார். அறுத்தால் போதும், கட்டை அவிழ்க்க வேண்டியதே இல்லை. அவர் அவிழ்த்தார். நான் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில், குடையின் கீழே, பிள்ளையோடு மூன்று மணி நேரம் நின்றேன். உள்ளே அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்பதை நான் அதுவரை உணர்ந்ததில்லை. வெயில் வரிசை வரிசையாக உள்ளே இறங்கி வந்தது.

பணம் இரண்டு மாதம் கழித்து வந்தது. கூரைக்குத் தகரம் மாற்றினோம். மீதியைத் தபால் சேமிப்பில் போட்டேன், மகள் பெயரில். அவர் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டப் போனார். முப்பத்தைந்து வயதில் புதிதாகப் பால்வெட்டும் உளி பிடித்தவர். மரத்தை ஆழமாக வெட்டிவிட்டதாகக் கங்காணி தினமும் திட்டினார். ஆனால் மற்ற வெட்டுக்காரர்களோடு காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு நின்று, கூட்டமாகப் போய்க் கூட்டமாக வந்தார். வரிசையில் அவர் கையில் உளியும் வாளியும் மட்டும் இருந்தன. நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்.

அண்ணிக்குத்தான் கஷ்டம். பிறந்ததிலிருந்து காசு கொடுத்து வெற்றிலை வாங்கியதில்லை. எங்களிடம் முன்பு இலை வாங்கிக்கொண்டிருந்த கரங்கான் பாய், கடையில் வைத்திருந்த வேறு ஊர் வெற்றிலையில் ஒரு கவுளியைச் சும்மா கொடுத்தனுப்பினார். அண்ணி அதை வாங்கிவைத்துக்கொண்டு, அது வாடும்வரை தொடவில்லை. வெறும் பாக்கை மென்றுகொண்டிருந்தார்.

ஒருநாள் துணி அலசப் போனபோது எங்கள் வீட்டுப் பின்புறக் குழாயடி ஓரத்தில், தண்ணீர் வழிகிற இடத்தில், ஒரு சின்னக் கொடியைப் பார்த்தேன். இரண்டு கணு உயரம். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, வாழைநாரால் கட்டியிருந்தது. அந்தக் கட்டு யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. வெட்டிய அன்று ஒரு துண்டைக் கொண்டுவந்திருக்கிறார். இனி எக்காலமும் என்று எழுதிக் கொடுத்தவள் நான். மறு பார்வைக்கு ஆள் வருவார்கள் என்று தாளில் இருந்தது. வந்து பார்த்தால்? ஒருமுறை தகரத்தை மறந்தேன், அவர் லாரியில் ஏறினார். இன்னொரு முறை மறந்தவளாக இருக்கக் கூடாது.

ஐந்து நாள் பொறுத்தேன். ஆறாம் நாள் வீட்டில் யாருமில்லாதபோது பிடுங்கினேன். வேர் நன்றாக இறங்கியிருந்தது. விரலால் தோண்ட வேண்டியிருந்தது. துண்டு துண்டாக நறுக்கி அடுப்பில் போட்டேன். பச்சைக் கொடி எரியாமல் புகைந்து, வீடு முழுக்க வெற்றிலை வாசனை அடித்தது. அவர் வேலை முடிந்து வந்து குழாயடியில் கால் கழுவினார். குழியைப் பார்த்தார். உள்ளே வந்தபோது வாசனையையும் உணர்ந்திருப்பார். தேத்தண்ணி கேட்டார், கொடுத்தேன்.

மறு பார்வைக்கு அந்தக் கிராணியே வந்தார். ஓடையோர நிலத்தில் லாலாங் புல் முளைத்திருந்ததைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, கடைசிக் கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்தார். குழாயடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேத்தண்ணி கொடுத்துவிட்டு, எனக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்து, வீட்டு உபயோகத்துக்குக் குழாயடியில் ஒரே ஒரு கொடி வைத்துக்கொண்டால் குற்றமா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அந்த நெலத்துலதாம்மா வைக்கக் கூடாது. குழாயடியில நீங்க வெத்தலை வச்சா என்ன, வெள்ளரி வச்சா என்ன? பாரத்துலயே இருக்கே. நீங்கதானே படிச்சீங்க."

அவர் போனதும் பிரதியை எடுத்துப் பார்த்தேன். நாலாவது பத்தியில் இருந்தது, மேற்சொன்ன நிலத்தில் என்று. இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி. எத்தனை முறை படித்திருப்பேன். எக்காலமும் என்ற இடத்திலேயே என் கண் நின்றுவிட்டிருக்கிறது. அடுத்த வரிக்குப் போகவேயில்லை.

அன்று மாலை என் கணவர் படியில் உட்கார்ந்து பால்வெட்டும் உளியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். கொடியைப் பிடுங்கியது நான்தான், பிடுங்கியிருக்க வேண்டியதே இல்லை, நான் சரியாகப் படிக்கவில்லை என்று.

"தெரியும்," என்றார். "நடறதுக்கு முன்னாடியே தாளக் கொண்டுபோய்ப் பாய்கிட்டப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்."

அப்படியானால் பிடுங்கியபோது ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் உளியின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார்.

"அதப் பாத்த அஞ்சு நாளும் நீ சரியாச் சாப்பிடல புள்ள. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

எனக்காக விட்டுக்கொடுத்தாரா, என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டாரா, கொடிக்காலையே விட்டவனுக்கு ஒரு கொடி எதற்கு என்று நினைத்தாரா, எதையும் நான் கேட்கவில்லை. அந்த மகள் இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள், இளையவன் தொட்டிலில் கிடக்கிறான். கேட்காமலே வருடங்கள் போய்விட்டன.

அப்போது குழாயடிக் குழியை நான் மண் போட்டு மூடவில்லை. அவரும் மூடவில்லை. பிள்ளை தவழ்ந்து போய் அதில் கையை விட்டு விளையாடுவாள். ஒரு நாள் அண்ணி யாரையும் கேட்காமல் அதில் ஒரு மிளகாய்ச் செடியை நட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு, சமையலறைச் சன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, தாள எடுத்து ஒரு தடவ படிச்சுப் பாரு. மொளகாய்க்கு ஒன்னும் இல்லியே?"